876-ஆம் ஆண்டையும் கற்பியுங்கள்

இங்கிலாந்துக் கல்வித் துறையில் தொடக்கப் பள்ளி வரலாற்றுப் பாடத்திட்டத்தைத் திருத்தி எழுதுகிறவர்களுக்கும், அதை வகுப்பறையில் நடத்தப்போகும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். கிழக்கு லண்டனில் பிள்ளை வளர்க்கும் தமிழ்த் தாய் ஒருத்தி எழுதுகிறேன். 2014 முதல் நடப்பிலிருக்கும் பாடத்திட்டத்தில், ஏழு வயது முதல் பதினொரு வயது வரையான பிள்ளைகளுக்கு, இங்கிலாந்தில் முன்பே குடியேறியிருந்த ஆங்கிலோ-சாக்சன்களும், பிறகு ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் வழியே வந்த வைக்கிங்குகளும் கட்டாயப் பாடம். அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் வைக்கிங் பகுதிக்கு அந்த ஆவணம் கொடுத்திருக்கும் தலைப்பு, இங்கிலாந்தின் ஆட்சியைப் பிடிக்க இரு தரப்பும் நடத்திய போராட்டம் என்றே அமைந்திருக்கிறது. போராட்டம் என்று தொடங்கினால் வகுப்பு இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறது. என் மகளின் வகுப்பிலும் அப்படித்தான் ஆயிற்று. பாதிப் பேர் அட்டைக் கேடயம் பிடித்த சாக்சன்கள். மீதிப் பேர் கொம்பு வைத்த தலைக்கவசம் மாட்டிய வைக்கிங்குகள்.

கொம்பைப் பற்றி நீட்டி முழக்க விரும்பவில்லை. 1876-இல் பைராய்ட் நகரில் வாக்னரின் ஓபராவுக்காகத் தைத்த உடைகளால் பரவிய தோற்றம் அது என்பதும், 1943-இல் நார்வேயில் கிடைத்த வைக்கிங் காலத் தலைக்கவசத்தில் கொம்பே இல்லை என்பதும் ஆசிரியர்கள் பலருக்குத் தெரியும். என் கவலை வேறு.

793-இல் வடகிழக்குக் கடலோர லிண்டிஸ்ஃபார்ன் மடாலயத்தை வைக்கிங்குகள் தாக்கும்போது பாடம் சூடுபிடிக்கிறது. 865-இல் வைக்கிங் பெரும்படை வந்து இறங்குகிறது. அடுத்த ஆண்டே யார்க் வீழ்கிறது. 878-இல் தெற்கு இங்கிலாந்தின் சாக்சன் அரசர் ஆல்ஃபிரட் சதுப்பு நிலத்தில் ஒளிந்திருந்து மீண்டு வந்து எடிங்டனில் வெல்கிறார். பிறகு ஒரே தாவலில், நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய 1066. இந்த ஓட்டத்தில் விடுபட்டுப்போவது 876. ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றுக் குறிப்பேடு அந்த ஆண்டுக்கு எழுதிவைத்திருப்பது மிகச் சிறிய செய்தி: வைக்கிங் தலைவர் ஹாஃப்டன் வட இங்கிலாந்து அரசான நார்தம்பிரியாவின் நிலத்தைத் தன் ஆட்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்; அவர்கள் உழுது பிழைக்கத் தொடங்கினார்கள். வைக்கிங்குகளோடு போரிட்ட ஆல்ஃபிரடின் நாட்டில் தொகுக்கப்பட்ட குறிப்பேடு இதைச் சொல்கிறது என்பதால் இந்தச் செய்திக்கு எடை அதிகம். கொள்ளையடிக்க வந்தவர்கள் ஏன் ஏர் பிடித்தார்கள்? அந்த நிலத்தில் அதுவரை உழுதுகொண்டிருந்தவர்கள் என்ன ஆனார்கள்? அடுத்த வீட்டுக்காரரோடு எந்த மொழியில் பேசினார்கள்? பிள்ளைகள் கேட்டிருக்க வேண்டிய இந்தக் கேள்விகளுக்கு இடமே வைக்காமல் வாளும் கேடயமும் நேரத்தைத் தின்றுவிடுகின்றன.

வந்தவர்கள் தங்கிவிட்டதற்கான சான்றுகள் போர்க்களத்தில் கிடைக்கிறவற்றைவிடப் பிள்ளைகளுக்குப் பிடித்தமானவை. யார்க்கின் காப்பர்கேட் தெருவில் 1976 முதல் 1981 வரை நடந்த அகழாய்வில் ஈரமண் காத்துவைத்திருந்த ஒரு குடியிருப்பே வெளிவந்தது. கடைசல் செய்த மரக் கிண்ணங்கள், மான்கொம்பில் அறுத்த சீப்புகள், தோல் காலணிகள், ஒற்றைக் கம்பளிக் காலுறை. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1972-இல், அதே நகரில் ஒரு வங்கிக் கட்டடத்துக்குத் தோண்டியபோது கிடைத்ததோ சுமார் இருபது சென்டிமீட்டர் நீளத்தில் கெட்டிப்பட்டுப்போன மனித மலம்! அதைக் காட்டினால் எந்த வகுப்பும் ஒரு நொடியில் உங்கள் பக்கம் திரும்பும். சிரித்து முடித்த பிறகு அதில் என்ன இருந்தது என்று சொல்லுங்கள். தவிடு, இறைச்சியின் எச்சம், குடற்புழுக்களின் முட்டைகள். ரொட்டியும் இறைச்சியும் தின்று, வயிற்றில் புழுவோடு அந்த ஊரில் வாழ்ந்த ஒரு மனிதர், பெயர் தெரியாவிட்டாலும், பிள்ளைகளுக்கு முன்னால் வந்து நிற்பார்.

லிண்டிஸ்ஃபார்னைக்கூட வேறு விதமாகத் தொடங்கலாம். தாக்குதல் செய்தி கேட்ட அறிஞர் அல்குவின் நார்தம்பிரியா அரசருக்கு மனம் உடைந்து ஒரு கடிதம் எழுதினார். அதே கடிதத்தில், உங்கள் மக்கள் தலைமுடியிலும் தாடியிலும் வைக்கிங்குகளாகிய அந்தப் புறச்சமயத்தாரைப் போலத் தோன்ற விரும்பினார்களே என்று கடிந்துகொள்கிறார். அப்படியானால் தாக்குதலுக்கு முன்பே இரு மக்களுக்கும் பழக்கம் இருந்திருக்குமோ? ஒன்பது வயதுப் பிள்ளையிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். விடையைவிட அந்தப் பிள்ளை எடுத்துவைக்கும் காரணங்கள் உங்களை வியக்கவைக்கும்.

என் மகளோடு படிக்கிறவர்களில் பலர் மாலையில் பள்ளிவாசலில் அரபு படிக்கிறார்கள். இங்கிலாந்தின் நடுப்பகுதியை ஆண்ட மெர்சியா அரசர் ஆஃபாவின் தங்கக் காசு ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 774-ஆம் ஆண்டில் பாக்தாதின் அப்பாசியக் கலீஃபா வெளியிட்ட தினார் என்னும் தங்கக் காசைப் பார்த்துச் செய்தது. அரபு தெரியாத கைவினைஞர் எழுத்துகளைப் பிழையோடு நகலெடுத்து, அரபு வரிகளுக்குத் தலைகீழாக 'ஆஃபா அரசர்' என்று லத்தீனில் பொறித்திருக்கிறார். இறைவன் ஒருவனே என்னும் இஸ்லாமிய வாசகம் கிறிஸ்தவ அரசரின் காசில் இருக்கிறது. அதன் படத்தை மேசையில் வைத்தால், ஆசிரியருக்கே தெரியாததை அந்த வகுப்பில் வாசித்துக்காட்டப் போகிறவர்கள் எட்டு வயதுப் பிள்ளைகள். இதற்குச் செலவு ஒரு வண்ண அச்சுப் பிரதி மட்டுமே.

கென்ட் மாவட்டத்தின் அப்டவுனில் ஏழாம் நூற்றாண்டுக் கல்லறை ஒன்றில் பானை, சீப்பு, கத்தியோடு புதைக்கப்பட்ட சிறுமியின் மரபணுவை ஆராய்ந்தபோது, அவளுடைய அண்மைய முன்னோரில் மேற்கு ஆப்பிரிக்கரும் இருந்தது தெரியவந்தது. அவளும் உங்கள் மாணவிகளைப் போலத் தொடக்கப் பள்ளி வயதை ஒட்டியவள்தான். தமிழ்ப் பிள்ளைகளுக்கும் ஒரு புதிர் உண்டு. 883-இல் ஆல்ஃபிரடின் காணிக்கையைச் சிகெல்ம், ஏத்தல்ஸ்டன் என்ற இருவர் ரோமுக்கும், இந்தியாவில் புனித தோமாவிடத்துக்கும் கொண்டுபோனதாகக் குறிப்பேட்டின் சில பிரதிகள் சொல்கின்றன. தோமாவின் கல்லறை மயிலாப்பூரில் என்பது பழைய நம்பிக்கை. யூதேயா என்பதைப் படியெடுத்தவர் இந்தியா என்று மாற்றி எழுதியிருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் ஐயப்படுகிறார்கள். ஐயத்தை மறைக்காமல் அப்படியே வகுப்பில் வையுங்கள். வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் காண இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது.

இனி, சொல்லத் தயங்கும் ஒன்று. 1002 நவம்பர் 13, புனித பிரைஸ் நாள். இங்கிலாந்தில் இருக்கும் டேனியர்களை, அதாவது டென்மார்க்கிலிருந்து வந்த வைக்கிங் வழியினரைக் கொல்லும்படி அரசர் எத்தல்ரெட் ஆணையிட்டார். ஆக்ஸ்போர்டில் உயிருக்குப் பயந்து ஒரு தேவாலயத்துக்குள் ஓடிப் புகுந்தவர்களை ஊரார் கட்டடத்தோடு சேர்த்துக் கொளுத்தினார்கள். இது பகைவர் கட்டிய கதையாக இருக்க வழியில்லை. 1004-இல் அந்தத் தேவாலயத்துக்கு அரசரே வழங்கிய சாசனம், கோதுமைக்குள் முளைத்த களை என்று அந்த மக்களைக் குறிப்பிட்டு, நடந்ததை நியாயப்படுத்துகிறது. பாடத்திட்டம் தரும் எடுத்துக்காட்டுகளில் வைக்கிங் தாக்குதல்கள் இருக்கின்றன, டேனியருக்குக் கொடுத்த கப்பம் இருக்கிறது, இது இல்லை. லிண்டிஸ்ஃபார்னில் துறவிகள் வெட்டப்பட்டதைக் கேட்கும் வயது வந்துவிட்டது என்றால் இதைக் கேட்கும் வயதும் வந்துவிட்டது. எலும்புகளைக் காட்ட வேண்டாம். மனிதர்களைக் களை என்று எழுதிய அந்த வாசகத்தைப் பத்து வயதுப் பிள்ளைகளோடு பொறுமையாகப் பேசினால் போதும். எந்த அணியின் கேடயத்தைப் பிடித்துக்கொண்டும் அதைப் பேச முடியாது.

ஆசிரியர்களின் சுமை எனக்குத் தெரியும். வாரத்தில் ஒரு பிற்பகல் வேளைதான் வரலாற்றுக்குக் கிடைக்கிறது. நடத்துகிற பலர் பட்டத்துக்கு வரலாறு படித்தவர்கள் அல்லர். ஆகவே பாரத்தைக் கூட்டச் சொல்லவில்லை, மாற்றி வைக்கச் சொல்கிறேன். எடுத்துக்காட்டுப் பட்டியலில் 876-ஐயும் 1002-ஐயும் சேருங்கள். ஆல்ஃபிரட், அவருடைய பேரன் அரசர் ஏத்தல்ஸ்டன் ஆகியோரின் பெயர்களுக்குப் பக்கத்தில், 917-இல் டார்பியை மீட்ட மெர்சியத் தலைவி ஏத்தல்ஃப்ளாடின் பெயரையும் எழுதுங்கள். அருங்காட்சியகங்களிலுள்ள காசு, சீப்பு, காலுறை ஆகியவற்றின் நல்ல படங்களை, ஆசிரியர் இரவு கண்விழித்துத் தேடாதபடி, துறையே தொகுத்து எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பட்டும். அட்டைக் கேடயம் செய்யச் செலவாகும் அந்த ஒரு பிற்பகலை அந்தப் படங்களுக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாய்,
கிழக்கு லண்டன்.