பத்துக் காசில் ஆறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகின் பெரும் கொடையாளர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். உழைத்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறார்கள், அதுவும் உதவி வாங்குகிறவர்களாக. இரண்டு நாளாக அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவர்கள் கொடுத்த கதையையும் உங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் வங்கிக் கவுன்ட்டரில் முப்பது வருடம் உட்கார்ந்தவன். அதனாலோ என்னவோ, ஓசியோலா மெக்கார்ட்டியின் கதை என்னை விடுவதே இல்லை. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஹாட்டிஸ்பர்க் என்ற ஊரில் துணி வெளுத்துப் பிழைத்த கறுப்பினப் பெண் அவர். நோயில் விழுந்த உறவினரைப் பார்த்துக்கொள்ள ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினார். அன்று முதல் ஊரார் துணியைக் கொப்பரையில் வேகவைத்து, கையால் கசக்கி, கொடியில் உலர்த்தி, இஸ்திரி போட்டுக் கொடுப்பதே வாழ்க்கை. நடுவில் ஒரு வாஷிங் மெஷின் வாங்கிப் பார்த்தார். அழுக்குச் சரியாகப் போகவில்லை என்று அதை ஓரங்கட்டிவிட்டுப் பழையபடி கையாலேயே துவைத்தார். கார் கிடையாது, கடைக்கும் நடைதான். வந்த காசில் கொஞ்சம் கொஞ்சமாக வங்கியில் போட்டுக்கொண்டே வந்தார்.

மூட்டுவலியால் வேலையை விட்டபோது வயது 86. தனக்குப் பின் அந்தப் பணம் யாருக்கு என்ற பேச்சு வந்தது. வங்கி அதிகாரி பத்து சிறு காசுகளை மேசையில் பரப்பினார். ஒவ்வொன்றும் சேமிப்பில் பத்தில் ஒரு பங்கு, நீங்களே பிரித்து வையுங்கள் என்றார். மெக்கார்ட்டி ஒரு காசைத் தேவாலயத்துக்கு நகர்த்தினார். உறவினர் மூவருக்கு ஆளுக்கு ஒன்று. மிச்சம் ஆறையும் தெற்கு மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு வைத்தார். அந்த ஆறு காசுக்கு மதிப்பு 1,50,000 டாலர். வசதியில்லாத பிள்ளைகளின் படிப்புக்கு என்று 1995-இல் அது அறிவிக்கப்பட்டபோது அந்த ஊரே அசந்துபோனது. அவர் காலத்துக்குப் பிறகுதான் அந்தப் பணம் போகும் என்றாலும் அதுவரை காத்திருக்கவில்லை. ஊர்க்காரர்கள் தாங்களும் பணம் போட்டு உதவித்தொகையை உடனே தொடங்கிவிட்டார்கள்.

இதில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1965 வரை அந்தப் பல்கலைக்கழகம் கறுப்பின மாணவர் ஒருவரைக்கூடச் சேர்த்ததில்லை. அங்கே படிக்க இடம் கேட்டுப் போராடிய கிளைட் கென்னார்டை, வெறும் 25 டாலர் மதிப்புள்ள கோழித் தீவனத்தைத் திருடத் தூண்டியதாகப் பொய் வழக்குப் போட்டு ஏழு ஆண்டு சிறைக்கு அனுப்பினார்கள். அந்த வாசலுக்குத்தான் இந்த அம்மாள் தன் ஆறு காசைக் கொடுத்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

அவர் தனி ஆளும் அல்ல. 1955 டிசம்பரில் அலபாமா மாநிலத்தின் மான்ட்கொமரி நகரில், பேருந்தில் கறுப்பினத்தவரைப் பிரித்து உட்கார வைப்பதை எதிர்த்துப் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியபோது ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண், மற்ற பெண்களையும் சேர்த்துக்கொண்டு கோழி சாண்ட்விச்சும் கேக்கும் செய்து விற்றார். மக்களை வேலைக்கு ஏற்றிச் சென்ற கார்களின் பெட்ரோலுக்கு அந்தப் பணம் போனது. பெயர் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் தங்கள் குழுவுக்கு 'எங்கிருந்தும் வராத சங்கம்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று யார் கேட்டாலும், எங்கிருந்தும் இல்லை என்று சொல்லிவிடலாமே! புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. கில்மோருக்கு வேலை போகத்தான் செய்தது. அப்புறம் தன் வீட்டுச் சமையலறையிலேயே ஊருக்குச் சோறு போட்டார், மார்ட்டின் லூதர் கிங்கும் அங்கே வந்து சாப்பிட்டிருக்கிறார்.

இன்னும் பின்னால் போனால் 1787. ரிச்சர்ட் ஆலனும் அப்சலோம் ஜோன்ஸும் பிலடெல்பியாவில் கறுப்பின மக்களுக்காகத் தொடங்கிய உதவிச் சங்கத்தில் மாதச் சந்தா ஒரு ஷில்லிங். ஓராண்டு கட்டியபின் உறுப்பினருக்குக் கஷ்டம் வந்தால் வாரம் மூன்று ஷில்லிங் ஒன்பது பென்ஸ். இரண்டு பேருமே அடிமையாகப் பிறந்தவர்கள்.

சரி, பாராட்டினால் மட்டும் போதாது. கறுப்பினத்தவர் நடத்தும் தொண்டு அமைப்புகளுக்குப் பெரிய அறக்கட்டளைகளின் பணம் இன்றும் குறைவாகத்தான் போகிறது. எக்கோயிங் கிரீன், பிரிட்ஜ்ஸ்பான் ஆகிய இரு அமைப்புகள் 2020-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நிபந்தனையின்றிச் செலவு செய்யக்கூடிய இருப்பு வெள்ளையர் தலைமையிலான அமைப்புகளைவிட இவர்களிடம் 76 சதவீதம் குறைவு. வாடகை, சம்பளம், திடீர்ச் செலவு எல்லாம் அந்த இருப்பிலிருந்துதான் போக வேண்டும். வங்கியில் இருந்தவனுக்கு அந்த எண்ணின் வலி நன்றாகவே புரிகிறது.

2011 முதல் ஒவ்வொரு ஆகஸ்டையும் கறுப்பின மக்களின் கொடைக்கான மாதமாகக் கொண்டாடுகிறார்கள். வரும் ஆகஸ்ட் இதழில் நீங்களும் நான்கு பக்கம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கில்மோரின் சமையலறையிலிருந்தே தொடங்கலாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
தூத்துக்குடி