கிணற்றையும் அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

முப்பது வருடமாகக் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன். பிறந்தது யாழ்ப்பாணத்து வலிகாமத்தில். அம்மாவின் சீதனக் காணி அங்கே இரண்டு பரப்பு, அதாவது 20 பேர்ச்சஸ் (ஒரு பேர்ச்சஸ் ஏறக்குறைய 25.3 சதுர மீற்றர்). சகோதரிகள் மூவரும் அதைப் பிரித்து, ஆளுக்கொரு சிறிய வீடு கட்ட எண்ணினோம். ஒழுங்கைக்கு இரண்டரைப் பேர்ச்சஸ் விட்டதும் ஒவ்வொரு துண்டும் 6 பேர்ச்சஸுக்குச் சற்றுக் குறைந்துவிட்டது. 150 சதுர மீற்றராவது வேண்டுமென்று பிரதேச சபை வரைபடத்தைத் திருப்பி அனுப்பியது. ஒவ்வொரு துண்டிலும் குறைவாக இருந்தது இரண்டரைச் சதுர மீற்றர்தான். சின்னத் தங்கச்சி தொலைபேசியில் அழுதாள்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. காணி உறுதியில் 'கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்' என்று எழுதியிருக்கிறதே, அந்தக் கிணறு காணியின் நட்டநடுவில் இருக்கிறது. மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து 50 அடி தள்ளியிருக்க வேண்டுமென்று சிறுவயதிலேயே எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். 20 பேர்ச்சஸ் சதுரக் காணியில் ஒரு பக்கம் ஏறக்குறைய 74 அடி. நடுவிலிருந்து அளந்தால் நான்கு மூலைகளின் நுனிதான் 50 அடியைத் தாண்டும். வேலிக்கு அப்பால் அயலவர் கிணறுகள் வேறு. மூன்று குழிகளை எங்கே வெட்டுவது? இதைச் சபையில் எவரும் எங்களிடம் கேட்கவில்லை. அந்த இரண்டரைச் சதுர மீற்றர் இருந்திருந்தால் கேளாமலே அனுமதி கிடைத்திருக்கும்.

150 சதுர மீற்றர் என்பது நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளில் இருந்த அளவு. இங்கே வெள்ளவத்தையில் என் வீட்டுக்குக் குழாயில் தண்ணீர் வருகிறது, கழிவு வேறு குழாயில் போய்விடுகிறது. வலிகாமத்தில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் ஊறும் நீரைத்தான் குடிக்கிறோம், குழியில் விட்டதும் அதே வெடிப்புகளில்தான் இறங்குகிறது. அங்குள்ள பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. உரமும் காரணம், மலக்குழிகளும் காரணம்.

அளவைச் சும்மா தளர்த்துங்கள் என்று நான் கேட்கவில்லை. கிணற்று நீர் குடிக்கும் ஊரில் முதலில் கிணற்றிலிருந்து அளவுநாடாவைப் பிடியுங்கள். மூன்று வீட்டுக்கும் சேர்த்துக் கசியாத ஒரே தொட்டி கட்டி, பவுசர் வண்டியில் கழிவை அகற்ற ஒத்துக்கொள்கிறோம். அப்படியானால் சிறிய துண்டையும் ஏற்கலாமா என்று சபைகள் சொல்லட்டும்.

அடுத்த மாதம் மூவரும் மறுபடி சபைக்குப் போகிறோம். புதிய வரைபடத்தில் எங்கள் கிணற்றோடு அயலவர் கிணறுகளையும் குறிக்கும்படி நில அளவையாளரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06