மூக்கு வேலை செய்யாத வீட்டில் எரிவாயுக் குழாய்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் இல்லப் பக்கத்தில் எரிவாயுப் பாதுகாப்பு பற்றி வந்த குறிப்புகளைப் படித்தேன். 'வாடை வந்தால் வால்வை மூடுங்கள், சன்னல்களைத் திறந்து வையுங்கள், மின் சுவிட்சைத் தொடாதீர்கள்' என்று எழுதியிருந்தது. மூன்றுமே சரியான யோசனைகள். ஆனால் முதல் இரண்டு சொற்களைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. வாடை வந்தால். எனக்கு வராது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்த வைரஸ் காய்ச்சலில் முகரும் திறனை இழந்தேன். காய்ச்சல் பத்து நாளில் விட்டது; அது மட்டும் திரும்பி வரவேயில்லை. 31 ஆண்டுகள் வேதியியல் ஆசிரியையாக இருந்தவள் நான். சோதனைக் குழாய்க்குள் மூக்கை விடாதே, கையால் விசிறி முகர்ந்து பார் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இன்று என் எதிரே அமோனியா பாட்டிலைத் திறந்து வைத்தால், கண் எரிவதை வைத்துத்தான் அது அமோனியா என்று தெரிந்துகொள்வேன்.

சென்ற ஆண்டு குளியலறையில் எரிவாயுவால் இயங்கும் வெந்நீர்க் கருவி ஒன்றை வைத்தோம். அதற்காக, அடுப்புக்குப் போகும் குழாயிலிருந்து ஒரு கிளை எடுக்க வேண்டியிருந்தது. ஏழெட்டு வருடமாக எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய் வேலைகளைச் செய்பவரையே கூப்பிட்டேன். கை சுத்தமான மனிதர், சொன்ன நேரத்துக்கு வருபவர். குழாயை வெட்டி மரை போட்டார், வெள்ளை டேப் சுற்றினார், ஸ்பேனரால் இறுக்கினார். பிறகு இணைப்புக்குப் பக்கத்தில் மூக்கை வைத்து ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, "வாடை ஒண்ணும் இல்லைம்மா, தைரியமா பத்த வைங்க" என்றார். நானும் கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஆறாம் நாள் நல்ல மழை. சாரல் அடிக்கிறதே என்று சமையலறைச் சன்னலைச் சாத்தியிருந்தேன். விடுமுறைக்கு வந்த பேத்தி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசற்படியில் நின்றபடியே, "பாட்டி, உள்ள அழுகின முட்டை நாத்தம் அடிக்குது" என்றாள். அந்த நேரத்தில் நான் அடுப்புக்கு முன்னால் நிற்கிறேன். கையில் லைட்டர்.

லைட்டரை அப்படியே மேடையில் வைத்தேன். பிரதான வால்வை மூடி, சன்னலைத் திறந்து, பிள்ளையை இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன். செல்பேசியைக்கூட அங்கே வந்த பிறகுதான் எடுத்தேன். அன்றைக்கு அவள் ஒரு மணி நேரம் தாமதமாக வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற நினைப்பு இன்றும் என்னைத் தூங்கவிடாத இரவுகள் உண்டு.

அவசரப் பிரிவினர் வந்து இணைப்பைத் துண்டித்துப் போனார்கள். மறுநாள் எரிவாயு வேலைக்கென்றே பயிற்சியும் உரிமமும் பெற்ற ஃபிட்டர் ஒருவர் வந்தார். அவர் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அவர் எதையும் முகர்ந்து பார்க்கவில்லை. எல்லாக் கருவிகளின் குமிழ்களையும் அடைத்தார். யு வடிவக் கண்ணாடிக் குழாய் ஒன்றில் பாதியளவு தண்ணீர் ஊற்றி, அதை எரிவாயுக் குழாயின் சோதனை முனையில் ரப்பர் குழாயால் இணைத்தார். ஆய்வகத்தில் நான் நூறு முறை கையாண்ட அதே மேனோமீட்டர், வாயுவின் அழுத்தத்தை அளக்கும் கருவி! வால்வை மெல்லத் திறந்ததும் கண்ணாடிக் குழாயின் ஒரு பக்கத்தில் தண்ணீர் இறங்கியது, மறு பக்கத்தில் ஏறியது. இரண்டு மட்டங்களுக்கும் நடுவே சுமார் 20 சென்டிமீட்டர். வீட்டுக்குள் வரும் எரிவாயுவின் அழுத்தம் அவ்வளவுதான், ஏறத்தாழ 20 மில்லிபார். சிறு குழந்தை பலூன் ஊதும்போதுகூட அவ்வளவு அழுத்தத்தைக் கொடுத்துவிடும். சிறிய கசிவு 'உஸ்' என்ற சத்தம்கூட இல்லாமல் நாள் கணக்கில் ஓடிக்கொண்டிருப்பது இதனால்தான்.

பிறகு பிரதான வால்வை மூடினார். வாயுவின் வெப்பநிலை நிலைப்படட்டும் என்று சற்றுப் பொறுத்தார். அதன்பின் கடிகாரத்தைப் பார்த்தபடி இரண்டு நிமிடம் அசையாமல் நின்றார். குழாயில் கசிவில்லை என்றால் தண்ணீர் மட்டம் நகரக் கூடாது. எங்கள் வீட்டில் இரண்டு விரல் அகலம் இறங்கியது. அதைக் கண்ணால் பார்த்தபோதுதான் எனக்குக் கை நடுங்கியது.

சோப்புக் கரைசலைத் தூரிகையால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவிக்கொண்டே போனார். அலமாரிக்குப் பின்னால் இருந்த யூனியனில் (இரண்டு குழாய்களை நட்டு போட்டுச் சேர்க்கும், கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு) குண்டூசித் தலை அளவில் ஒரு குமிழி கிளம்பி, பெரிதாகி, உடைந்தது, உடனே இன்னொன்று. பிரித்துப் பார்த்தால், யூனியனின் பெரிய நட்டு மரையில் வெள்ளை டேப்பை நன்றாகச் சுற்றியிருந்தார் நம் பிளம்பர். அங்கே டேப் சுற்றிப் பயனில்லையாம். யூனியனில் வாயுவைத் தடுப்பது மரை அல்ல. உள்ளே ஒன்றோடொன்று பொருந்தும் இரண்டு உலோக முகங்கள். நட்டின் வேலை அவற்றைச் சேர்த்து அழுத்துவது மட்டும்தான். அந்த முகங்களில் ஒன்றில் மரை வெட்டியபோது விழுந்த இரும்புப் பிசிறு சிக்கிக் கீறியிருந்தது. தண்ணீர்க் குழாயாக இருந்திருந்தால் சொட்டுச் சொட்டாக ஒழுகித் தன்னைத் தானே காட்டிக் கொடுத்திருக்கும். எரிவாயு அப்படிக் காட்டிக் கொடுக்காது.

புது யூனியன் போட்டு, மறுபடியும் முதலிலிருந்து சோதனை செய்தார். இரண்டு நிமிடம், மட்டம் அசையவில்லை. பிறகு அடுப்பையும் வெந்நீர்க் கருவியையும் எரியவிட்டுச் சுடர் நீலமாக இருக்கிறதா, புகைபோக்கி புகையை வெளியே இழுக்கிறதா என்று பார்த்தார். சுடர் மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி பிடித்தால் எரிதல் முழுமையாக நடக்கவில்லை என்று பொருள். கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு இயல்பாகவே மணமும் இல்லை, நிறமும் இல்லை. அந்த வாயுவின் முன்னால் என் மூக்கும் உங்கள் மூக்கும் ஒன்றுதான்.

எரிவாயுவுக்கும் சொந்த மணம் கிடையாது என்பதைப் படித்தவர்களே பலர் அறியவில்லை. நாம் முகர்வது அதில் கலந்துவிடும் மெர்காப்டன் போன்ற கந்தகச் சேர்மத்தை. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடம் வெடித்துச் சிதறியது. செலவைக் குறைப்பதற்காக, எண்ணெய் வயலில் மிஞ்சும் வாயுவைக் கொண்டுபோன ஒரு குழாயிலிருந்து பள்ளிக்கு இணைப்பு எடுத்திருந்தார்கள். கசிந்த வாயு தரைக்கு அடியில் தேங்கி நின்றது. மணமில்லாததால் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு மின் கருவியின் பொறி போதுமானதாக இருந்தது. சுமார் 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் மணமூட்டுவதை அங்கே சட்டம் கட்டாயமாக்கியது. வகுப்பில் மெர்காப்டன் பாடம் வரும்போதெல்லாம் இதைச் சொல்வேன். அப்போதெல்லாம், மணம் சேர்த்துவிட்டால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

போதாது. கசிவுள்ள அறையிலேயே இருப்பவரின் மூக்குச் சிறிது நேரத்தில் அந்த வாடைக்குப் பழகிவிடும். புதிய எஃகுக் குழாயின் சுவரும் துருவும் மணப்பொருளைப் பிடித்து வைத்துக்கொண்டு வெறும் வாயுவை விடுவதுண்டு. வயது ஏற ஏற முகரும் திறன் குறையும். உறங்குகிறவரை வாடை எழுப்பும் என்று நம்பியிருக்கவும் முடியாது.

வேலையின் தரம் பற்றியும் ஒரு பழைய நிகழ்ச்சி. 1968 மே 16 அதிகாலை, லண்டனின் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பில், 18ஆவது மாடியில் ஒரு பெண்மணி அடுப்பைப் பற்றவைக்கத் தீக்குச்சி கிழித்தார். வெடிப்பில் வெளிச்சுவர்கள் பெயர்ந்து, கட்டடத்தின் ஒரு மூலையே மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். அடுப்பைக் குழாயோடு இணைத்த பித்தளை நட்டு தரமற்றது என்று விசாரணையில் தெரியவந்தது. ஒரு நட்டு! பிரிட்டனில் எரிவாயு வேலை செய்பவர்களுக்கான பதிவு முறை 1970இல் தொடங்கியது. இன்று அங்கே பதிவு பெறாதவர் கூலிக்கு எரிவாயு வேலை செய்வது குற்றம். வாடகை வீடுகளில் 12 மாதத்துக்கு ஒருமுறை சோதனையும் கட்டாயம்.

தண்ணீர்க் குழாய் வேலை செய்பவர்களைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தவர் தெரிந்தே தவறு செய்யவில்லை. அவருக்கு யாரும் கற்றுத் தரவில்லை. நடந்ததைச் சொன்னதும் முகம் வெளுத்துப்போனார். ஃபிட்டர் வேலை செய்த அன்று பக்கத்திலேயே நின்று பார்த்தார். இனி எரிவாயு வேலைக்கு யார் கூப்பிட்டாலும் உரிமம் உள்ளவரையே கைகாட்டுவதாகச் சொன்னார். குழாயைத் தொட விடுவதற்கு முன் உரிமத்தைக் காட்டச் சொல்லாதது என் தவறு. அழுத்தச் சோதனை முடியாமலே கூலி கொடுத்ததும் என் தவறுதான்.

இப்போது வீட்டில், வாயுவைக் கண்டறிந்து ஒலி எழுப்பும் டிடெக்டர்கள் இரண்டு வைத்திருக்கிறேன். குழாயில் வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானது என்பதால் அதற்கானது கூரைக்குக் கீழே இருக்கிறது. சிலிண்டர் வாயு உள்ளவர்கள் தரையை ஒட்டி வைக்க வேண்டும். அது காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. இடத்தை மாற்றி வைத்தால் கருவி உரிய நேரத்தில் ஒலிக்காது. மற்றொன்று கார்பன் மோனாக்சைடுக்கானது. ஃபிட்டர் எழுதிக் கொடுத்த தாள் சமையலறைக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது. சோதனை நடந்த தேதி, அழுத்தம், எத்தனை நிமிடம், அவர் உரிம எண், கையொப்பம் எல்லாம் அதில் உண்டு.

அடுத்த முறை இந்தக் குறிப்புகளை வெளியிடும்போது 'வாடை வந்தால்' என்பதற்கு முன்னால், வேலை முடிந்ததும் அழுத்தச் சோதனையை நேரில் பார்த்துத் தாளில் எழுதி வாங்குங்கள் என்ற வரியைச் சேர்க்கும்படி வேண்டுகிறேன். முடிந்தால் அனுபவமுள்ள ஃபிட்டர் ஒருவரையே அந்தச் சோதனையைப் படங்களோடு விளக்கச் சொல்லுங்கள். என்னைப்போல் வாடை தெரியாதவர்கள் உங்கள் வாசகர்களிலும் இருப்பார்கள். என் பெயரை வெளியிட வேண்டாம். அந்தப் பிளம்பர் இன்னும் எங்கள் தெருவில்தான் வேலை செய்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை