எரிகிற எண்ணெயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் ஒரு குசினியில் பிடிக்கிற நெருப்பு பக்கத்து வீட்டுக்கும் ஆபத்து, அதனால்தான் எழுதுகிறேன். பொரிக்கிற எண்ணெய் 180 பாகை செல்சியஸுக்குக் கிட்ட இருக்கும், அதை அடுப்பில் அப்படியே விட்டுவிட்டுப் போன் கதைக்கப் போனால் சூடு ஏறிக்கொண்டே போய் முதலில் புகையும், அப்புறம் தானாகவே பற்றிக்கொள்ளும். அந்த நேரம் தயவுசெய்து தண்ணீர் ஊற்றாதீர்கள்! தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய், ஒரு நொடியில் ஆவியாகி, சுமார் 1,700 மடங்கு விரிந்து, எரிகிற எண்ணெயை சீலிங் வரைக்கும் தூக்கி எறியும். கை எட்டுமென்றால் காஸை நிறுத்துங்கள். தாச்சியை மூடியால் மூடி, ஆறும்வரை திறக்கவும் வேண்டாம், தூக்கவும் வேண்டாம். அடங்காவிட்டால் எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய் தீயணைப்புப் படையை 110 இல் அழையுங்கள். தொடர்மாடி நிர்வாகங்கள் இதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி லிப்டுக்குப் பக்கத்தில் ஒட்டினால் என்ன?

வாசகி ஒருவர்,
கொழும்பு 6