தனியாகப் போகாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

எகிப்துக்கு டிக்கெட் போட்டுவிட்டதாக எழுதியிருந்தாய். நைல் கரைக் கோயில்களைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு, அங்கிருந்து கிழக்குப் பாலைவனத்துக்குள் தனியாளாக இறங்கப் போவதாகவும் எழுதியிருந்தாய். "யாருமே இல்லாத இடத்துல கொஞ்ச நாள் இருக்கணும்க்கா" என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். போன வருஷம் உனக்கு எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். அதனால் அந்த ஆசையைக் குறைத்துப் பேச மாட்டேன். இதே ஆசையை வேறு சில பிள்ளைகளும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எல்லோர் முன்னாலும் எழுதுகிறேன்.

போ. கட்டாயம் போ. ஆனால் தனியாகப் போகாதே.

வழி தவறிவிடும், வண்டி நின்றுவிடும் என்ற பயங்களை உன் அம்மா ஏற்கெனவே சொல்லியிருப்பார். நான் சொல்ல வந்தது வேறு. நாங்கள் ஐந்து பேர் அந்த நிலத்தைக் கடந்தபோது எனக்குப் பட்டது இது: நாலாயிரம் வருஷமாக அங்கே யாரும் தனியாக நடக்கவில்லை. பாறையில் வெட்டியிருப்பது, பானை ஓட்டில் கிறுக்கியிருப்பது என்று நாங்கள் பார்த்ததும் படித்ததும் எல்லாமே கூட வந்தவனைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும்தான் பேசுகின்றன.

முதலில் மணல்மேட்டை மனத்திலிருந்து எடுத்துவிடு. நைலுக்கு மேற்கேதான் அந்த மணல் கடல். கிழக்கே இருப்பது மலை. கிஃப்ட் என்ற ஊரில் கரும்புக் காட்டையும் பேரீச்சை மரங்களையும் விட்டு வண்டி திரும்பியதும் பச்சை அப்படியே நின்றுபோகிறது. கொஞ்ச தூரம் சரளைச் சமவெளி, அப்புறம் இரண்டு பக்கமும் கரும்பாறை மலைகள் நெருங்கி வருகின்றன. நடுவே போகும் காய்ந்த காட்டாற்றுப் படுகைதான் வாடி ஹம்மாமாத். கிஃப்டிலிருந்து செங்கடல் கரையில் இருக்கும் குசேர் வரை சுமார் 180 கி.மீ. இன்று தார்ச்சாலை, அரை நாளில் போய்விடலாம். கழுதையோடு நடந்தவர்களுக்குப் பல நாள்.

படுகையின் நடுப்பகுதியில் வண்டியை விட்டு இறங்கு. கரும்பச்சையும் சாம்பலும் கலந்த வழவழப்பான கல் அங்கே கிடைக்கிறது. எகிப்தியர் அதை பெகென் என்றார்கள். சிலைக்கும் கல்சவப்பெட்டிக்கும் அதைத்தான் தேடி வந்தார்கள். வந்தவர்கள் பாறை முகத்தில் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகளை விட்டுப் போயிருக்கிறார்கள். எங்களோடு வந்த தமிழய்யா (பணி ஓய்வு பெற்ற ஆசிரியர், கல்வெட்டென்றால் சாப்பாட்டை மறப்பவர்) அதன் முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்.

அங்கே ஹெனு என்ற அதிகாரி எழுதி வைத்திருப்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். கி.மு. 2000ஐ ஒட்டிய காலம், மூன்றாம் மென்டுஹோடெப் அரசன். செங்கடலுக்குத் தெற்குப் பக்கம் இருந்ததாகச் சொல்லும் புன்ட் தேசத்துக்குக் கப்பல் அனுப்பச் செங்கடலுக்குப் போகிறான் ஹெனு, கூட 3,000 பேர். எத்தனை பேரை வென்றான் என்று அவன் பெருமை பேசவில்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு குடம் தண்ணீரும் 20 ரொட்டியும் கொடுத்தேன், வழியெல்லாம் கிணறு வெட்டினேன், பாதையை ஆறாக்கினேன் என்பதுதான் அவன் பெருமை. கழுதைகள் மேல் செருப்பு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான்! யாருடைய செருப்பாவது அறுந்தால் மாற்றுக் கொடுப்பதற்காக. அந்த மலைச்சரளையில் நடந்து பார்த்தால்தான் அந்தக் கழுதைகளின் அருமை தெரியும்.

எங்களுக்குத் தெரிந்தது. வெயிலில் காய்ந்து பசை விட்டு, தமிழய்யாவின் பழைய ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளந்துகொண்டது. எங்கள் கூட்டத்தில் நர்ஸாக இருக்கும் தோழியின் கணவர், ஒன்றும் பேசாமல் தன் பையிலிருந்து ரப்பர் செருப்பை எடுத்து அவர் காலடியில் வைத்தார். அந்த மனிதர் பயணம் முழுக்க மொத்தமாகப் பத்து வாக்கியம் பேசியிருந்தால் அதிகம். கிளம்பும்போதே 'எதுக்கும் இருக்கட்டும்' என்று இன்னொரு ஜோடியைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ஐயா அந்தச் செருப்போடுதான் குசேர் கடலில் கால் நனைத்தார்.

எல்லாப் படையும் ஹெனுவின் படைபோல் திரும்பவில்லை. நாலாம் ராம்சேஸ் அரசன் இதே பள்ளத்தாக்குக்கு 8,000 பேருக்கு மேல் அனுப்பினான். இறந்தவர் 900 என்று அவன் கல்வெட்டே சொல்கிறது. அந்தக் காலத்தில், சுமார் கி.மு. 1150இல், அமென்நாக்த் என்ற எழுத்தர் வரைந்த வரைபடம் இன்று இத்தாலியில் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எந்த மலை எந்த நிறக் கல், தங்கச் சுரங்கம் எங்கே, கிணறு எங்கே என்று வண்ணம் தீட்டிக் காட்டியிருக்கிறான். உலகில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய நிலவியல் வரைபடம் அதுதான் என்கிறார்கள். என் போனில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு எதிரே இருந்த மலைகளைப் பார்த்தேன். சாலை வளைவது அதே மாதிரிதான் வளைகிறது. 900 பேரில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. அதை நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

கொஞ்சம் தள்ளி பீர் ஹம்மாமாத் என்ற கிணறு. உள்ளே படிகள் சுற்றிச் சுற்றி இறங்குகின்றன. பக்கத்தில், உடைந்துபோனதால் கைவிட்ட கல்சவப்பெட்டிகள் கிடக்கின்றன. ரோமானியர் காலத்தில் இந்தச் சாலை முழுக்கக் காவல் இருந்தது. மலை உச்சிகளைக் கவனி: ஒன்றிலிருந்து அடுத்தது தெரியும்படி 60க்கும் மேற்பட்ட சிறு காவல் கோபுரங்கள். அடிவாரத்தில் கிணறும் மதிலுமாகச் சிறு கோட்டைகள். அங்கே பணியில் கிடந்த சிப்பாய்கள் பானை ஓடுகளில் எழுதிய கடிதங்கள் ஆயிரக்கணக்கில் குப்பைமேடுகளிலிருந்து கிடைத்திருக்கின்றன. படித்தவர்கள் சொல்வதைக் கேள்: 'இத்தனை கட்டு கீரை அனுப்பியிருக்கிறேன், வந்ததா? மீன் வந்தால் அனுப்பு. இன்னாரை விசாரித்ததாகச் சொல்' என்கிற வகையில்தான் பலதும். ஒரு கோட்டையில் இருப்பவன் அடுத்த கோட்டையில் இருப்பவனுக்கு, வறண்ட மலைக்கு நடுவே, கீரை அனுப்புகிறான்.

இதே சாலையில் சுங்கமும் வாங்கினார்கள். கி.பி. 90இல் வெட்டிய கட்டணக் கல் கிஃப்டில் கிடைத்தது. மாலுமிக்கு 5 திராக்மா (அந்தக் காலக் காசு), கப்பல் பாய்மரம் ஒன்றுக்கு 20, விலைமாதர் என்றால் 108. பாய்மரம் பாலைவனத்தில் எதற்கு என்று நர்ஸ் தோழி கேட்டாள். செங்கடல் கரையில் மரமில்லை, கப்பலுக்கு வேண்டியதையும் நைலிலிருந்துதான் சுமந்து போக வேண்டும் என்று ஐயா சொன்னார். அவளுக்கு மனம் 108 மேலேயே நின்றுவிட்டது. அந்தப் பெண்கள் யாரோடு நடந்தார்கள், யார் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள் என்று இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்களில் யாரிடமும் பதில் இல்லை. தனியாகப் போயிருந்தால் அந்தக் கேள்வி எனக்கு வந்தே இருக்காது, தம்பி. நான் பாய்மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

குசேரில் நம் ஆட்களின் தடம் இருக்கிறது. ஊருக்கு வடக்கே சில கி.மீ. தூரத்தில் பழைய குசேர், கிரேக்க ரோமானியர் மையோஸ் ஹோர்மோஸ் என்று சொன்ன துறைமுகம். கண்ணுக்கு அது வெறும் மேடு, உப்புப் பூத்த பள்ளம். ஆனால் அங்கே தோண்டியபோது 'கணன்', 'சாதன்' என்று தமிழ் பிராமியில் பெயர் எழுதிய ஓடுகள் கிடைத்தன. பிறகு கிடைத்த ஒரு சேமிப்புப் பானையின் ஓட்டில் இரண்டு இடத்தில் 'பானை ஒறி' (ஒறி என்றால் பானை தொங்கவிடும் உறி) என்று இருப்பதைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார். காலம் கி.மு. முதல் நூற்றாண்டு. தெற்கே வெகுதூரத்தில் பெரெனிகே துறைமுகத்தில், இந்தியப் பானை ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. அங்கே நாங்கள் போகவில்லை. கேரளக் கரையில் இருந்த முசிறித் துறைமுகத்திலிருந்து போன சரக்கைப் பற்றி கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒப்பந்தம் ஒன்று வியன்னாவில் இருக்கிறது. அதில் செங்கடலில் இறங்கும் சரக்கை நம்பிக்கையான ஒட்டகக்காரனிடம் ஒப்படைத்து, காவலோடு பாலைவனம் கடத்தி கிஃப்டில் சேர்க்க வேண்டும் என்று இருக்கிறது. மிளகுகூட அங்கே தனியாகப் போகவில்லை.

நீ இந்நேரம் பதில் யோசித்திருப்பாய்: 'அதே பாலைவனத்தில்தானே எகிப்துத் துறவி புனித அந்தோணியார் தனியாகப் போய் இருந்தார்?' இருந்தார். அவரைத் தேடிச் சீடர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர் காலமானபின் அவர்கள் எழுப்பிய மடம் அதே மலையடிவாரத்தில், ஒரு சுனையை நம்பி, இன்றும் நடக்கிறது.

இன்னொருவனைக் காட்டுகிறேன். நைல் கரை ஊரான எட்ஃபூவிலிருந்து கிழக்கே சுமார் 50 கி.மீ. போனால் கனாயிஸ் என்ற இடம். முதலாம் சேத்தி அரசன் தன் 9ஆம் ஆட்சியாண்டில் அந்த வழியாக வந்திருக்கிறான். தண்ணீரில்லாத வழி எவ்வளவு கொடியது, நா வறண்டவர்கள் என்ன செய்வார்கள் என்று நின்று யோசித்துக் கிணறு வெட்டச் சொல்லி, பக்கத்தில் பாறையைக் குடைந்து கோயிலும் கட்டியதாகக் கல்வெட்டு. ஆயிரம் வருஷத்துக்கும் மேல் கழித்து, சோஃபோன் என்ற இந்தியன் ஒருவன் அங்கே வருகிறான். நல்வழி காட்டும் பான் என்ற கிரேக்க தெய்வத்துக்குத் தன் பொருட்டு நன்றி என்று கிரேக்கத்தில் பொறித்திருக்கிறான். தன் பொருட்டுத்தான், உன்னைப் போலவே. ஆனால் அவன் குடித்த தண்ணீர் யார் யாருக்கோ யோசித்து வெட்டிய கிணற்றுத் தண்ணீர்.

அமைதி வேண்டும் என்றாய் அல்லவா? கூட்டமாகப் போனாலும் அது கிடைக்கும். அபாப்தா பழங்குடியைச் சேர்ந்த எங்கள் வழிகாட்டி இரவில் கரியில் காப்பிக்கொட்டை வறுத்து, இஞ்சி இடித்துப் போட்டு ஜபனா காய்ச்சிக் கொடுத்தார். சின்னக் குவளையில் ஒன்று குடித்தால் போதாது, மறுபடி மறுபடி வாங்க வேண்டும், அதுதான் அவர்கள் மரியாதை. அதற்கப்புறம் யாரும் பேசவில்லை, ஆளுக்கொரு பாறையில் சாய்ந்து கிடந்தோம். பக்கத்தில் ஆள் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் என்னால் அவ்வளவு நேரம் வானத்தையே பார்க்க முடிந்தது. தனியாக இருந்திருந்தால் ஒவ்வொரு சத்தத்துக்கும் டார்ச் அடித்துக்கொண்டிருந்திருப்பேன்.

இனி காரியம். டிசம்பர், ஜனவரியில் போ. கோடையில் வேண்டவே வேண்டாம், வசந்தத்தில் மணற்காற்று. பகல் இதமாக இருக்கும், ராத்திரி ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. வெளிநாட்டவர் இந்தச் சாலைகளில் போவதற்கான விதி மாறிக்கொண்டே இருக்கும். லக்சரில் விசாரித்து அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பு. அபாப்தா வழிகாட்டி இல்லாமல் சாலையை விட்டு இறங்காதே. கல்வெட்டைத் தொடாதே, ஓடு கிடந்தால் எடுக்காதே. தண்ணீரைத் தாகத்துக்குக் காத்திராமல் குடிக்க வேண்டும். எங்கள் நர்ஸ் மணிக்கொரு தரம் எல்லோர் பாட்டிலையும் தூக்கிப் பார்த்தாள், ஒன்றுக்குப் போனால் என்ன நிறம் என்று ஐயாவையும் விடாமல் கேட்டாள். அப்படிக் கேட்கத் தயங்காத ஒருத்தரைக் கட்டாயம் சேர்த்துக்கொள். அதிகம் பேசாத ஒருத்தர், பழசைப் படிக்கத் தெரிந்த ஒருத்தர் இருந்தால் இன்னும் நல்லது.

யார் யாரைக் கூப்பிட்டிருக்கிறாய் என்று தீபாவளிக்குள் எழுது. உன் அறைத்தோழனிடம் முதலில் கேள். போன வருஷம் ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவன்தானே. ஆள் குறைந்தால் என்னிடம் சொல். நான் வருகிறேன், ஐயாவும் புது ஷூ வாங்கிவிட்டார்.

அன்புடன்,
அக்கா