சிபி ரேடியோவில் குரல் தெளிவாகப் போக வாட்டைக் கூட்ட வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் சிபி ரேடியோ பற்றி, அதாவது பொதுமக்கள் வண்டியிலும் வீட்டிலும் வைத்துப் பட்டனை அழுத்திப் பேசும் இருவழி ரேடியோ பற்றி, வந்த கட்டுரையைப் படித்தேன். எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கும் காலத்தில் இதற்கு அரைப் பக்கம் ஒதுக்கினீர்களே, அதற்கே முதலில் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் குரல் தெளிவாகப் போகவில்லை என்றால் என்ன செய்வது என்ற இடத்தில் கட்டுரையாளர் சொன்ன இரண்டு யோசனைகளை, அதாவது மைக் கெயினை (மைக்கில் விழும் ஒலியைப் பெருக்கும் குமிழை) கடைசி வரை ஏற்றுங்கள், போதவில்லை என்றால் லீனியர் ஆம்ப்ளிஃபையர் (செட் அனுப்பும் சக்தியைப் பெருக்கும் பெட்டி) ஒன்றை வாங்கி மாட்டுங்கள் என்பதை, அப்படியே விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. இரண்டுமே புதிதாகச் செட் வாங்குபவரைத் தவறான வழியில் கொண்டுபோய் விடும்.

முதலில் அந்த வாட் கணக்கு. அமெரிக்காவில் சிபி செட்டுக்கு ஏஎம் முறையில் (குரலுக்கேற்ப அலையின் வீச்சை மாற்றி அனுப்பும் முறை) 4 வாட்தான் அனுமதி. இந்த 4 வாட்டை 16 ஆக்கினால், அதாவது நாலு மடங்கு ஏற்றினால், கேட்பவருடைய சிக்னல் மீட்டரில் முள் எவ்வளவு நகரும் தெரியுமா? கணக்குப்படி ஒரே ஒரு எஸ் யூனிட், அதாவது அந்த மீட்டரில் ஒரே ஒரு படி. ஏனென்றால் ஒரு யூனிட் என்பது 6 டெசிபெல், 6 டெசிபெல் என்பது நாலு மடங்கு சக்தி. அதற்காக ஒரு ஆம்ப்ளிஃபையருக்குச் செலவு செய்து, பேட்டரியையும் கசக்கி, சட்டத்தையும் மீற வேண்டும். அமெரிக்காவில் சிபி செட்டோடு ஆம்ப்ளிஃபையர் வைத்துக்கொள்வது தடை செய்யப்பட்டது, வேறு பல நாடுகளிலும் அப்படித்தான். எல்லாவற்றையும்விட முக்கியமானது, உள்ளே போகும் குரல் கரகரவென்று இருந்தால் ஆம்ப்ளிஃபையர் அந்தக் கரகரப்பைத்தான் பெரிதாக்கி அனுப்பும்.

"முள் நல்லா ஏறுது, ஆனா நீங்க பேசுறது ஒண்ணும் புரியல" என்று எதிர்முனையில் சொல்வதைச் சிபி வைத்திருக்கும் எல்லாரும் ஒரு நாளாவது கேட்டிருப்பார்கள். இதற்கு என்ன காரணம் என்று புரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை முடிந்தது. ஏஎம் முறையில் ஊர்தி அலை என்று ஒன்று எப்போதும் போய்க்கொண்டிருக்கும், நீங்கள் பேசினாலும் பேசாவிட்டாலும். எதிர்முனையின் முள்ளைத் தூக்குவது பெரும்பாலும் அந்த அலைதான். உங்கள் குரல் இருப்பது அதில் இல்லை, அதற்கு இரண்டு பக்கமும் வரும் பக்கப்பட்டைகளில். குரலை ஊர்தி அலை மேல் ஏற்றுவதற்குப் பண்பேற்றம் என்று பெயர். 4 வாட் ஊர்தி அலையை 100 சதவீதம் பண்பேற்றம் செய்தால் இரண்டு பக்கப்பட்டைகளும் சேர்ந்து 2 வாட் வரும். அதே செட்டில் மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு முனகினால், பண்பேற்றம் 30 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், குரலுக்குக் கிடைப்பது வெறும் 0.18 வாட். பத்தில் ஒரு பங்குகூட இல்லை! முள் மட்டும் அதே இடத்தில் நிற்கும். ஆக குரல் தெளிவு என்பது பெரும்பாலும் மைக்குக்கும் வாய்க்கும் நடுவில் நடக்கும் விஷயம், செட்டின் பின்னால் மாட்டுகிற எந்தப் பெட்டியாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

மைக்கை எப்படிப் பிடிப்பது என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, பட்டனைக் காட்டுவதோடு சரி. உதட்டிலிருந்து இரண்டு மூன்று விரல்கடை தூரம் போதும். நேராக ஊதுவதுபோல் பேசாமல் மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, அதன் முகத்துக்குக் குறுக்கே குரல் போகும்படி பேச வேண்டும், அப்போதுதான் ப, ட போன்ற எழுத்துகளில் மூச்சுக்காற்று மைக்கில் முட்டி டப் டப் என்று வெடிக்காது. தூரத்தைப் பாதியாகக் குறைத்தாலே குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடும், ஆனால் வண்டி இன்ஜின் சத்தமும் காற்றுச் சத்தமும் கூடாது, அவை எந்தத் தூரத்திலும் ஒரே அளவில்தான் மைக்கில் விழும். கெயினை ஏற்றினால் குரலோடு சேர்ந்து இரைச்சலும் ஏறும். மைக்கைக் கிட்டே கொண்டுவந்தால் குரல் மட்டும் ஏறும். கட்டுரை சொன்ன முதல் யோசனை ஏன் சரியில்லை என்பதற்கு இந்த ஒன்றே போதும். இரைச்சல் தடுக்கும் மைக் வைத்திருப்பவர்கள் இன்னும் கிட்டே, கிட்டத்தட்ட உதட்டில் உரசுகிற மாதிரி பேச வேண்டும், அப்புறம் அந்த மைக்கின் பின்பக்கம் இருக்கும் சின்னத் துளைகளை விரலால் மூடக் கூடாது. அந்தத் துளைகள் வழியாகச் சுற்றுச் சத்தம் உள்ளே வந்து முன்பக்கமாக வருகிற அதே சத்தத்தை அடித்துவிடுகிறது. நிறையப் பேர் உள்ளங்கையால் அதை முழுசாகப் பொத்திக்கொண்டுதான் பேசுகிறார்கள், பேசிவிட்டு மைக் மோசம் என்கிறார்கள்.

பட்டனை அழுத்தின நொடியே பேச ஆரம்பிக்காதீர்கள், அரை நொடி விடுங்கள். செட் கேட்கும் நிலையிலிருந்து அனுப்பும் நிலைக்கு மாற வேண்டும், எதிர்முனையில் ஸ்கெல்ச் (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைத்து வைக்கும் சுற்று) திறக்க வேண்டும். இல்லையென்றால் முதல் சொல் விழுங்கப்பட்டுவிடும், "வர வேண்டாம்" என்பதில் "வேண்டாம்" மட்டும் போய்ச் சேர்வது இப்படித்தான். முடிக்கும்போதும் கடைசிச் சொல்லை முழுசாகச் சொல்லிவிட்டுக் கையை எடுக்க வேண்டும், இல்லையென்றால் "வர" மட்டும் போய்ச் சேரும்.

கத்துவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எதிர்முனையில் கேட்கவில்லை என்றதும் மனிதர்கள் செய்கிற முதல் வேலை கத்துவது. கத்துவதால் பண்பேற்றம் 100 சதவீதத்தைத் தாண்டினால், குரலின் ஒவ்வொரு இறக்கத்திலும் ஊர்தி அலை சுழியமாகி ஒரு கணம் அறுந்துபோகிறது. கேட்பவருக்கு அது கிழிந்த ஸ்பீக்கரில் வருவதுபோல் இருக்கும். அதோடு நிற்காது, அந்தக் கிழிசல் பக்கத்துச் சேனல்களிலும் போய்த் தெறிக்கும், சேனலுக்குச் சேனல் பொதுவாக 10 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. இதைத் தடுப்பதற்காகவே செட்டுக்குள் ஒரு வரம்புச் சுற்று வைத்திருப்பார்கள். சில மெக்கானிக்குகள் "பீக் பண்ணித் தர்றேன்" என்று சொல்லி அந்தச் சுற்றைத்தான் வெட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து யாரும் அதற்குச் சம்மதிக்காதீர்கள். சத்தம் கூடின மாதிரி இருக்கும், சொல் புரியாது. பவர் மைக் எனப்படும் பேட்டரி போட்ட மைக்குகளிலும் இதே கதைதான், குமிழைப் பாதிக்குக் கீழே வைத்து ஒருவரைக் கேட்கச் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, குரல் கரகரக்கத் தொடங்கும் இடத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். எக்கோ, அதாவது குரலில் எதிரொலி சேர்க்கும் வசதி, வேண்டவே வேண்டாம்.

குரல் விட்டு விட்டுப் போகிறது என்றால் செட்டைச் சந்தேகிக்கும் முன் மைக் ஒயரைப் பாருங்கள். சுருள் ஒயர் மைக்குக்குள் நுழைகிற இடத்திலும், செட்டில் மாட்டும் பிளக்கிலிருந்து வெளியே வருகிற இடத்திலும்தான் வளைந்து வளைந்து உள்ளே ஒரு இழை அறுந்திருக்கும், வெளியே ரப்பர் நன்றாகவே தெரியும். நண்பர் ஒருவரை இன்னொரு செட்டில் கேட்கச் சொல்லிவிட்டு, ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டே அந்த இடத்தை மெல்ல அசையுங்கள். எண்ணிக்கை நடுவில் அறுந்தால் நோய் அங்கேதான் இருக்கிறது. பிளக்கைத் திறந்து ஒயரை விரல்கடை அளவு வெட்டிவிட்டு மறுபடி சால்டர் செய்தால் பெரும்பாலும் முடிந்துவிடும்.

கரண்ட் விஷயத்தையும் பலர் கவனிப்பதில்லை. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டி ஓட்டுவது வசதிதான், ஆனால் அந்தத் தொடுமுனை தளர்ந்திருந்தாலோ ஒயர் மெல்லியதாக இருந்தாலோ, குரல் உச்சத்துக்குப் போகும் நேரம் பார்த்து மின்னழுத்தம் இறங்கும், குரலின் தலை வெட்டப்படும். தடிமனான ஒயரை நேராகப் பேட்டரிக்கு இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட்டுவிடுவது நல்லது. இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒரு கீச்சொலி உங்கள் குரலுக்குப் பின்னால் கேட்கிறது என்று யாராவது சொன்னால், அது ஆல்டர்னேட்டரிலிருந்து ஒயர் வழியாக வருவது, அதற்கும் முதல் மருந்து இதுதான்.

இப்போது ஆன்டெனா. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததுதான் எனக்கு மிகவும் வருத்தம். சிபியின் 40 சேனல்கள் 26.965 முதல் 27.405 மெகாஹெர்ட்ஸ் வரை, அலைநீளம் சுமார் 11 மீட்டர், ஆக கால் அலை ஆன்டெனா என்றால் ஏறத்தாழ 2.75 மீட்டர் நீளம். வண்டியில் அவ்வளவு நீளம் எல்லாராலும் வைக்க முடியாது, அதனால் அடியிலோ நடுவிலோ சுருள் வைத்துக் குட்டையாக்கிய ஆன்டெனாக்களை விற்கிறார்கள். குட்டையாக ஆக ஆக அதைச் சரியாக ஒத்திசைப்பது இன்னும் முக்கியமாகிறது. கடையிலிருந்து வந்தபடியே மாட்டிப் பேசுவது சரியல்ல, ஒவ்வொரு வண்டியிலும் ஒவ்வொரு இடத்திலும் அது வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

எஸ்டபிள்யூஆர் என்பது ஆன்டெனாவுக்குப் போகும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு. அதற்கான மீட்டர் ஒன்றைச் செட்டுக்கும் ஆன்டெனா கேபிளுக்கும் நடுவில் மாட்டுங்கள். வண்டியைச் சுவரோ மரமோ அருகில் இல்லாத திறந்த வெளியில் நிறுத்தி, கதவுகளை மூடி, யாரும் பேசாத நேரமாகப் பார்த்து, பட்டனை அழுத்தி மீட்டரை முன்னோக்கு நிலையில் வைத்து, அதன் குமிழைத் திருப்பி முள்ளைக் குறித்திருக்கும் கோட்டுக்குக் கொண்டுவந்து, அப்புறம் எதிரொலிப்பு நிலைக்கு மாற்றிப் படிக்க வேண்டும். இதை 1, 20, 40 ஆகிய மூன்று சேனல்களிலும் செய்யுங்கள். 40இல் அளவு கூடுதலாக இருந்தால் ஆன்டெனா நீளம் அதிகம், 1இல் கூடுதலாக இருந்தால் நீளம் போதாது. நுனியை மில்லிமீட்டர் கணக்கில்தான் மாற்ற வேண்டும், மாற்றிய ஒவ்வொரு தடவையும் திரும்ப அளக்க வேண்டும். 1.5க்குக் கீழே வந்தால் நிம்மதியாக விட்டுவிடலாம், அப்போது திரும்பி வருவது 4 சதவீதம்தான். 2 என்றால் 11 சதவீதம், பரவாயில்லை. 3ஐத் தொட்டால் கால்வாசி சக்தி செட்டுக்கே திரும்புகிறது, அந்த நிலையில் பேசிக்கொண்டே இருந்தால் செட்டில் ஆன்டெனாவுக்குச் சக்தி கொடுக்கும் கடைசி டிரான்சிஸ்டர் போய்விடும்.

மூன்று சேனலிலும் ஒரேயடியாக அதிகமாகக் காட்டினால் நுனியைத் தொடாதீர்கள், அது நீளத்தின் கோளாறு இல்லை. டிக்கி மூடியில் மாட்டும் பிராக்கெட்டின் அடியில் சின்னத் திருகாணிகள் இருக்கும், அவை பெயின்ட்டைக் குத்திக்கொண்டு வெறும் உலோகத்தைத் தொட்டிருக்க வேண்டும். பெயின்ட் மேலேயே உட்கார்ந்திருந்தால் தரை இணைப்பே, அதாவது வண்டியின் உலோக உடலோடு இணைப்பே, இல்லை. கேபிளைக் கதவு இடுக்கில் விட்டு நசுக்கியிருந்தாலும் இதே அறிகுறிதான். பிளக்கில் கேபிளின் வெளிவலையின் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கலாம், மல்டிமீட்டர் இருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும், ஆனால் சில ஆன்டெனாக்கள் தாமே நேர்மின்னோட்டத்துக்குக் குறுக்கிணைப்பாக (ஷார்ட்டாக) காட்டும் என்பதால் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். தரை இணைப்பு மோசமாக இருந்தால் ரேடியோ அலை கேபிளின் மேற்புறமாகவே திரும்பி வந்து மைக் ஒயரில் ஏறும், அப்போது குரல் ஊளையிடுவதுபோலவோ குளறியோ போகும். மைக்கைப் பழிசொல்லி மூன்று மைக் மாற்றினாலும் போகாத கோளாறு இப்படிப்பட்டதுதான்.

எஸ்எஸ்பி வசதி (ஊர்தி அலையை விட்டுவிட்டு ஒரு பக்கப்பட்டையை மட்டும் அனுப்பும் முறை) உள்ள செட் வைத்திருப்பவர்களுக்கு ஊர்தி அலையில் சக்தி வீணாவதில்லை, தூரம் கூடுதல், ஆனால் அலைவரிசையை நுணுக்கமாகச் சரிசெய்யும் கிளாரிஃபையர் குமிழ் கொஞ்சம் விலகினாலும் குரல் மூக்கடைத்ததுபோல் மாறிவிடும், அதைப் பொறுமையாகத் திருப்பிப் பழக வேண்டும். பக்கத்தில் இருப்பவரோடு பேச எஃப்எம் (அலையின் வீச்சுக்குப் பதில் அதிர்வெண்ணை மாற்றி அனுப்பும் முறை) மிக அமைதியானது. பிரிட்டன் 1981இல் சிபியை அனுமதித்தபோதே எஃப்எம்மில்தான் அனுமதித்தது, அமெரிக்காவில் 2021இல்தான் அதற்கு இடம் கொடுத்தார்கள்.

சோதிக்கும்போது "எப்படிக் கேட்குது?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். குரல் சின்னதாக இருக்கிறதா, கரகரக்கிறதா, பின்னால் ஏதாவது ஒலிக்கிறதா, நடுவில் அறுகிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள், ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. எண் சொல்லும்போது அறுபது, எழுபது என்று சொல்லாதீர்கள், இரைச்சலில் இரண்டும் ஒன்றாகத்தான் விழும், மெய்யெழுத்துகள்தான் முதலில் காணாமல் போகும். ஆறு சைபர், ஏழு சைபர் என்று இலக்கம் இலக்கமாகச் சொன்னால் ஒரே தடவையில் முடியும்.

ஐயா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த மைக் கெயின், ஆம்ப்ளிஃபையர் யோசனைகளுக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இடம் குறைவு என்றால் என் கடிதத்தை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் ஆன்டெனாவை மாட்டாமல் ஒரு நொடிகூடப் பட்டனை அழுத்தக் கூடாது, மாட்டிய பிறகு எஸ்டபிள்யூஆர் பார்க்காமல் பேசக் கூடாது என்கிற இந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். புதிதாக வாங்கிய செட் முதல் நாளே செத்துப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்