மலை உச்சியில் புளியோதரை

அன்புள்ள ஞானம்,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதையெல்லாம் மொத்தமாகத் திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லோரும் சுகம். செல்விக்கு முட்டுவலி தேவலை. சின்னவன் எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கிறான், ‘ழ’ மட்டும் உன்னை மாதிரியேதான். கோயில் அசன விருந்துக்குக் கறிக்குழம்பை நீயே கிண்டினாய் என்று மண்ணெண்ணெய் சேகர் எழுதியிருந்தான். நம்பவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அட்லாண்டாவில் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் ஸ்டோன் மவுண்டன். ஒற்றைக் கல்லாக ஒரு மலை. ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கேதான். புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், ஒரு மைல் ஏற்றம், உச்சியில் போட்டோ. உன் அத்தானையும் அப்படித்தான் ஏற்றி இறக்கினோம். மலையின் ஒரு பக்கம் மூன்று பேர் குதிரைமேல் இருப்பதாகச் செதுக்கியிருக்கிறார்கள். அடிமை முறையை விடமாட்டோம் என்று பிரிந்துபோய்ச் சண்டை போட்ட தென்மாநிலங்களின் தலைவர்கள். அது தெரிந்தும் பத்து வருடமாக அதன் அடியில் ஜமுக்காளம் விரித்திருக்கிறோம்.

போன மாதம் பெரியவள் பள்ளிக்கூடத்துக் கட்டுரைக்காக எதையோ படித்துவிட்டு வந்து, “அப்பா, நாம சாப்பிட்ட இடம் எதுன்னு தெரியுமா?” என்றாள்.

1915 நவம்பரில், நன்றி தெரிவிக்கும் நாள் இரவில், வில்லியம் சிமன்ஸ் என்பவர் பதினைந்து பேர் போல அழைத்துக்கொண்டு அந்த உச்சிக்கு ஏறியிருக்கிறார். பைன் பலகையில் ஒரு சிலுவை, அதன்மேல் மண்ணெண்ணெய் (சேகரிடம் சொல்லாதே). கல்லை அடுக்கிப் பலிபீடம், அதில் கொடி, வாள், பைபிள். தீ வைத்தார்கள். கறுப்பினத்தவரை மிரட்டிக் கொன்ற வெள்ளையர் கும்பலான கூ க்ளக்ஸ் க்ளான், செத்துப்போயிருந்தது, அன்று மறுபடி பிறந்தது. சிமன்ஸ் யார் தெரியுமா? மெத்தடிஸ்ட் பிரசங்கியாராக இருந்தவர்!

உள்நாட்டுப் போர் முடிந்ததும் டென்னசியில் முளைத்த முதல் க்ளான் கொலைகாரக் கும்பல்தான். ஆனால் சிலுவையை எரித்ததில்லை. அது 1905ல் வந்த ஒரு நாவலின் கற்பனை. 1915ல் சினிமாவிலும் காட்டினார்கள். அதைப் பார்த்து இவர்கள் சடங்காக்கிக்கொண்டார்கள். ‘எரிப்பது’ என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். சிலுவைக்கு ‘ஒளியேற்றுகிறார்களாம்’, கிறிஸ்துவின் ஒளியாம். அந்த ஒளி ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வாசலில் எரிந்தால் விடிவதற்குள் ஊரைவிட்டு ஓடு என்று அர்த்தம்.

கூட்டம் நடக்கும்போது பைபிளைத் திறந்து வைப்பார்கள், எந்த அதிகாரம் தெரியுமா? ரோமர் 12. உங்கள் அப்பா, உபதேசியார், நம்மை முழங்கால் போட வைத்து மனப்பாடம் செய்யச் சொன்ன அதே அதிகாரம்! சத்துருவுக்குப் பசித்தால் சோறு போடு என்று வருமே, அது. நீ அந்த வசனத்தில்தான் திக்குவாய்.

அரசியலைப் பற்றிக் கேட்டால் மலைத்துப்போவாய். 1924ல் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் க்ளானைப் பெயர் சொல்லிக் கண்டிக்கும் தீர்மானம் மயிரிழையில் தோற்றது. அடுத்த வருடம் ஆகஸ்டில் முப்பதாயிரம் பேருக்குமேல் வெள்ளை அங்கியோடு வாஷிங்டனில் ஊர்வலம் போனார்கள், முகத்தைக்கூட மூடாமல். உறுப்பினர் கட்டணம் 10 டாலர், அதில் ஆள் பிடித்தவருக்கு 4 டாலர். நம்ம ஊர் சீட்டு கம்பெனிக்காரர்கள் இவர்களிடம் பாடம் கேட்க வேண்டும்.

இதையெல்லாம்கூட விழுங்கிவிட்டேன். ஒரு காணிக்கைக் கவர்தான் தொண்டையில் நிற்கிறது. ஞாயிறு ஆராதனை நடுவில் அங்கி போட்ட கூட்டம் ஒன்று வரிசையாக உள்ளே வரும். பேச்சில்லை. பிரசங்கியார் கையில் பணக் கவரைக் கொடுத்துவிட்டு வந்த வழியே போய்விடும். பல ஊர்களில் நடந்திருக்கிறது. சிலருக்கு வருவது முன்பே தெரியுமாம். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டவர்கள் ஏராளம். அந்த ஆளையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கையில் வேதம், இன்னொரு கையில் கவர். கோயில் கூரை ஒழுகியிருக்கலாம். பயமாகவும் இருந்திருக்கலாம். முகமூடிக்குப் பின்னால் இருப்பது தன் சபையார்தான் என்று குரல் கேட்காமலே தெரிந்திருக்கும்.

உன்னை ஏன் கேட்கிறேன் என்றால், நீ நம்ம சபைச் சேகரத்துப் பொருளாளர். கோயில் மதில் கட்டக் கந்துவட்டிக்காரர் கொடுத்த பணத்துக்கு ரசீது எழுதியது நீதான். குத்திக்காட்டவில்லை. சரி, கொஞ்சம் குத்துகிறேன். அன்றைக்கு உன் கை நடுங்கியதா?

ஒன்று சொல்ல மறந்தேன். 1997ல் மலையடிவார ஊருக்கு மேயரானவர் சக் பர்ரிஸ், கறுப்பினத்தவர். அவர் குடியிருந்த வீடு முன்பு க்ளான் தலைவர் ஜேம்ஸ் வெனபிளுடையது. இதைச் சொன்னதும்தான் பெரியவள் சிரித்தாள்.

அடுத்த மாதம் உன் அத்தான் மறுபடி வருகிறாராம். மலையும் புளியோதரையும் வேண்டுமாம். செல்வி புளியை ஊறப் போடவா என்கிறாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. கவரைப் பற்றி நீ எழுது, முதலில்.

உன்
முத்து

பி.கு: உங்கள் அப்பாவின் பழைய வேதாகமத்தில் ரோமர் 12ன் ஓரத்தில் அவர் பென்சிலால் ஏதோ குறித்து வைத்திருந்தார். போட்டோ எடுத்து அனுப்பு.